தழுவல் ரோஜா

தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் நிலையத்தைச் சுற்றி எங்காவது 'புத்தூர் கட்டு' என்றொரு பலகை கண்ணில் படும். ஒரு கை, ஒரு கால் படமாக வரைந்திருக்கும். அம்புக்குறி ஒரு சந்தைக் காட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் புத்தூரைப் பார்த்திருக்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. எலும்பு முறிந்து வந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. எங்கள் புத்தூரை அடுத்த சிற்றூரில் ராஜு குடும்பத்தார் தலைமுறைகளாகப் பச்சிலையும் முட்டையின் வெள்ளைக்கருவும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டிவந்த வைத்தியம் அது. கட்டு ஊரிலேயே இருக்க, பெயர் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. பலகை மாட்டியவர்களில் இங்கே வந்து தொழில் கற்றவர்களும் உண்டு. பெயரை மட்டும் கற்றவர்களும் உண்டு.

ஆகவே அசல் எது, நகல் எது என்ற விவகாரம் புத்தூர்க்காரனுக்குப் புதிதல்ல. சமீபத்தில் அது ஒரு சென்ட் பாட்டிலின் வடிவத்தில் என் வீட்டுக்கு வந்தது.

என் அண்ணன் மகள் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம். வரவேற்பு அன்று போட்டுக்கொள்ள ஒரு நல்ல சென்ட் வேண்டும் என்று திருப்பதியில் ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் இரண்டு காகிதப் பட்டைகளில் இரண்டு பாட்டில்களிலிருந்து அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்று வெளிநாட்டு கம்பெனியின் சரக்கு. ரோஜாவும் மரக்கட்டையும் கலந்த மணம், 50 மில்லி ரூ. 9,000. இன்னொன்று அதே மணத்தைப் பார்த்து உள்ளூரில் செய்தது, ரூ. 600. "சேம் டு சேம், அம்மா" என்று அவரே சொல்லிவிட்டாராம். ஒன்பதாயிரம் என்பது அவளுடைய மாதச் சம்பளத்தில் பாதிக்குச் சற்றே குறைவு.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சித்தப்பா. அப்புறம் எதுக்குப் பதினைஞ்சு மடங்கு?" என்று காகிதங்களை என்னிடம் நீட்டினாள்.

நியாயமான கேள்வி. பதில்தான் ஒரு வரியில் அடங்குவதாக இல்லை.

முதலில், ரோஜாவும் கட்டையும் கலந்த இந்த மணம் பாரிஸ்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததல்ல. கல்யாண வாசலில் நிற்கும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வேறென்ன? புறங்கையில் சந்தனம், தலையில் பன்னீர். இரண்டும் சேர்ந்து எழும் வாசனையைத்தான் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து நமக்கே விற்கிறார்கள். வடக்கே உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் இதையே பெரும் தொழிலாகச் செய்தார்கள். 'தேக்' என்ற செம்புப் பானையில் ரோஜா இதழும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண் பூசி அடைத்து, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக 'பப்கா' என்ற நீண்ட கழுத்துப் பாத்திரத்துக்குப் போகும். பப்கா தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும். அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். குளிர்ந்து இறங்கும் ரோஜா அந்த எண்ணெயில் ஏறும். தங்கிய தண்ணீரை வடித்துவிட்டு மறுநாள் புதுப் பூ. இப்படிப் பல நாள் செய்தால் சந்தன எண்ணெய் ரோஜாவால் நிறைந்துவிடும். அதுதான் குலாப் அத்தர். ரோஜா ஓடிப்போகும் குணம் உடையது, சந்தனம் பிடித்துவைக்கும் குணம் உடையது. இருவரையும் சேர்த்துவைத்தவன் கெட்டிக்காரன்.

இந்த அத்தர் ஏன் விலை கூடியது என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும், ஏறிவிட்டால் மணம் குறையும். கிலோ எண்ணெய் லட்சங்களில் விலை போவதில் ஆச்சரியம் இல்லை. சந்தனமோ இன்னும் சிரமம். அது மற்றச் செடிகளின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வாழும் மரம். தனியாக நட்டால் தழைக்காது. மணம் தரும் வைரம் பாய்வதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும், நன்றாக முற்ற முப்பதுக்கு மேல். திப்பு சுல்தான் 1792-ல் அதை அரச மரம் என்று அறிவித்தார். அதன் பிறகு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மைசூர்ப் பகுதியில் ஒருவன் நிலத்தில் முளைத்த சந்தனமும் அவனுடையதல்ல. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும்தான் சட்டத்தைத் திருத்தின. சொந்தமாகாத மரத்தை யார் வளர்ப்பார்கள்? பலர் முளையிலேயே பிடுங்கிப் போட்டார்கள். காட்டில் இருந்ததைக் கடத்தினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது.

விளைவு கன்னௌஜிலேயே தெரிந்தது. சந்தன எண்ணெய் கட்டுப்படியாகாமல், பலர் அதன் இடத்தில் லிக்விட் பாரபினையும் வேறு கரைப்பான்களையும் ஊற்றினார்கள். பாட்டிலும் பெயரும் பழையவை, உள்ளே இருப்பது வேறு. நம் கல்யாண வாசலிலும் அதே கதைதான். கடையில் வாங்கும் பன்னீர் பெரும்பாலும் ரோஜா எசென்ஸ் கலந்த தண்ணீர். கிண்ணத்தில் குழைத்துவைத்திருக்கும் மஞ்சள் பொடி சந்தன மரத்தைக் கண்டதுகூட இல்லை. நாம் எப்போதோ நகலுக்கு மாறிவிட்டோம். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த அறுநூறு ரூபாய் பாட்டிலுக்கு வருவோம். ஒரு சென்டில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கருவிகள் இப்போது எல்லாப் பெரிய சோதனைச்சாலைகளிலும் இருக்கின்றன. சில சொட்டுப் போதும், பட்டியல் வந்துவிடும். ரோஜாவின் உடம்பு சிட்ரோனெல்லோல், ஜெரனியோல், நெரோல், பினைல் எத்தில் ஆல்கஹால் ஆகிய சில பொருள்கள்தாம். இவற்றைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்யலாம். ஆனால் ரோஜாவின் உயிர் இன்னோர் இடத்தில் இருக்கிறது. டமாசினோன் என்று ஒரு பொருள். எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இராது, மணத்திலோ பெரும்பங்கு அதற்கு. சாம்பாரில் பெருங்காயம் போல. இப்படி மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்கும் பொருள்கள் ரோஜா எண்ணெயில் நூற்றுக்கணக்கில் உண்டு. நகல் செய்பவர் பெரிய நான்கைப் போட்டுவிட்டுச் சின்னவற்றில் சிக்கனம் பிடித்தால், ரோஜா கிடைக்கும். ஆனால் அது ஊதுவத்தி ரோஜா.

சந்தனத்துக்கும் மாற்று உண்டு. ஜிவோடான் என்ற சுவிஸ் கம்பெனியின் சாண்டலோர், ஜாவனோல் போன்றவை மரத்தைத் தொடாமல் சந்தன வாசனை தருபவை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாயிரம் ரூபாய் பாட்டிலிலும் இவை இருக்கும். மேல்நாட்டு வாசனைக் கலையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செயற்கைப் பொருள்களை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே பதினைந்து மடங்கு விலை என்றால் பதினைந்து மடங்கு ரோஜா என்று பொருளில்லை. அந்தப் பணத்தில் விளம்பரம் இருக்கிறது, கனமான கண்ணாடி இருக்கிறது, இறக்குமதி வரி இருக்கிறது, ஏ.சி. கடையின் வாடகை இருக்கிறது. கூடவே, மாதக்கணக்கில் உட்கார்ந்து கலந்து கலந்து பார்த்த ஒரு மனிதனின் மூக்கும் இருக்கிறது. நகல் செய்பவர் அந்தக் கடைசிச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கிறார். அது சின்னச் செலவல்ல.

அண்ணன் மகள் கொடுத்த காகிதங்களை ஒரு புத்தகத்துக்குள் தனித்தனியாக வைத்தேன். மறுநாள் காலை எடுத்து முகர்ந்து பார்த்தோம். விலை கூடியதில் ரோஜா போய், கட்டையும் கொஞ்சம் தேனும் போல ஏதோ மிஞ்சியிருந்தது. மலிவானதில் துணி துவைக்கும் பவுடரின் நெடி. கடையில் முதல் பத்து நிமிஷத்தில் இரண்டும் ஒன்றுதான். வியாபாரம் நடப்பதும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான். ஆறு மணி நேரம் கழித்து மேடையில் நிற்கும்போது எது மிஞ்சும் என்பது கடையில் தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி இரண்டு காகிதத்தையும் வாங்கி முகர்ந்துவிட்டு, "இந்தப் பவுடர் வாசனைதான் நல்லா இருக்கு, சுத்தமா குளிச்ச மாதிரி" என்று மலிவானதற்கு ஓட்டுப் போட்டார். மூக்கு விலைச் சீட்டைப் படிப்பதில்லை.

செயற்கையை விட்டுவிட்டு அசல் ரோஜாவும் அசல் சந்தனமும் உள்ளதாகத் தேடிப் பிடித்தால் பிரச்சினை தீர்ந்ததா? எங்கள் மலைகளைப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. இங்கே சேஷாசலம் மலைகளிலும் அதையொட்டிய காடுகளிலும் செம்மரம் வளர்கிறது. தெலுங்கில் எர்ரசந்தனம், தமிழில் செஞ்சந்தனம். பெயரில்தான் சந்தனம். முகர்ந்து பார்த்தால் சந்தன வாசனை துளியும் கிடையாது. சந்தனத்துக்கு அது உறவுக்காரனும் அல்ல, வேங்கை மரத்தின் இனம். சாயத்துக்கும் நாற்காலி மேஜைக்கும் ஜப்பானிய இசைக்கருவிக்கும் போகிறது. கடத்தல்காரர்களின் கண் அதன் மேல் இருப்பது ஊரறிந்த விஷயம். இந்த மரத்தை வெட்டக் கூலிக்கு வருகிறவர்கள் நம் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை அது. சந்தனம் அங்கே அரிதாகிப்போன பின் கோடாலி பிடித்த கைகள் எல்லை தாண்டிச் செம்மரத்துக்கு வந்தன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் வீட்டு அலங்காரத்துக்காகக் கொடுக்கும் விலையில், வெட்டுகிறவன் பங்கு சில நூறு ரூபாயும் ஒரு துப்பாக்கிக் குண்டும்.

இது நடந்தது சந்தனத்துக்காக அல்ல என்பது உண்மை. ஆனால் சந்தனமும் இதே பாதையில் வந்த மரம்தான். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அதுவும் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய மரமாகவே இருக்கிறது. இன்று ஆஸ்திரேலியாவின் குனுநுரா பக்கம் நம் இந்தியச் சந்தனத்தைத் தோட்டம் போட்டு வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். அது நமக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆகவே மரம் வெட்டாமல் செய்த சந்தன வாசனையை 'வெறும் கெமிக்கல்' என்று இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அறுநூறு ரூபாய் பாட்டிலுக்குச் சாதகமாகச் சொல்லத்தக்க முதல் விஷயம் அது.

சரி, இன்னொருவர் கற்பனையைப் பார்த்துச் செய்வது திருட்டில்லையா? இங்கே போலி வேறு, தழுவல் வேறு. அதே பெயர், அதே பெட்டி, அதே எழுத்து என்று அச்சடித்து விற்பது போலி. நம் 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பாட்டிலில், மணத்தை மட்டும் ஒத்திருக்கச் செய்வது தழுவல். மணம் யாருக்குச் சொந்தம் என்பதில் நீதிமன்றங்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. 2006-ல் லாங்கோம் கம்பெனியின் 'த்ரெஸோர்' வழக்கில், மணத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்றது நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம். அதற்குச் சில நாள் முன்புதான், வேறொரு வழக்கில், அது வெறும் தொழில்திறமை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நம் நாட்டில் மண முத்திரைக்கான முதல் விண்ணப்பம் ஏற்கப்பட்டது 2025 நவம்பரில். எந்தச் சென்டுக்கு என்று கேட்காதீர்கள். ஒரு ஜப்பானிய கம்பெனியின் டயருக்கு! டயரில் ஏற்றப்பட்ட ரோஜா வாசனை. பிரிட்டனில் அதே ரோஜா டயருக்கு 1996-லேயே முத்திரை கிடைத்துவிட்டது.

இதைவிட வேடிக்கையானது 2009-ம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு. லோரெயால் கம்பெனி பெல்லூர் என்ற கம்பெனி மீது தொடுத்த வழக்கு. எங்கள் இந்தச் சரக்கு அவர்களுடைய இன்ன சென்ட் மாதிரி இருக்கும் என்று ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து விற்றார்கள். அந்தப் பட்டியலைப் போட்டது தவறு என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் அதைப் பின்பற்ற நேர்ந்த நீதிபதி ஜேக்கப், ஒரு வியாபாரி தன் சரக்கைப் பற்றி உண்மை சொல்வதைத் தடுக்கலாமா என்று தம் மனக்குறையைத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். அதாவது, தழுவலாம். எதைத் தழுவினோம் என்று எழுதத்தான் கூடாது.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. எங்கள் தொழிலில் முதல் தர்மமே மூல ஆசிரியரின் பெயரை அட்டையில் போடுவது. போட்டுவிட்டால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து கொண்டுவந்த காண்டேகரைத் தமிழர்கள் தம் சொந்த எழுத்தாளராகவே வரித்துக்கொண்டார்கள். மராத்தி தெரியாதவனுக்கு அந்தத் தமிழ்க் காண்டேகர்தான் காண்டேகர். அதற்கும் முன்பு ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதியதை நம் தாத்தாக்கள் விடிய விடியப் படித்தார்கள். தழுவல் இலக்கியம் அசலுக்குச் சமமா என்று பண்டிதர்கள் சண்டை போடலாம். ஆனால் ஆங்கிலம் படிக்க வசதியில்லாதவன் ஒரு நல்ல கதை படித்தான் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒன்பதாயிரம் இல்லாதவளுக்கும் ரோஜா வாசனை மேல் ஆசை இருக்கலாம். அதில் தப்பென்ன?

தப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அது மலிவுப் பாட்டிலுக்கும் விலைப் பாட்டிலுக்கும் அத்தர் சீசாவுக்கும் பொது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அழகுப் பொருள்களின் லேபிளில் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஐம்பது பொருள்கள் ஒளிந்துகொள்ளலாம். பாரபினில் இறக்கிய அத்தர் சந்தன அத்தர் என்றே விற்கப்படுகிறது. செயற்கைச் சந்தனம் போட்ட வெளிநாட்டுப் பாட்டில், விளம்பரத்தில் மைசூர்க் காட்டைக் காட்டுகிறது. தழுவல்காரர் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். வாங்குகிறவர் மட்டும் விலையைப் பார்த்து உண்மையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. விலை ஒரு மோசமான சாட்சி.

வாங்குவதென்றால் சில விஷயங்களைச் செய்யலாம். காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் ஒன்று அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு குழம்பிவிடும். சாயங்காலம் எது மிஞ்சியிருக்கிறதோ, எது உங்கள் தோலை அரிக்கவில்லையோ, அதைப் பற்றி யோசியுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எப்போது வரை பயன்படுத்தலாம் என்ற தேதி இவை இல்லாத பாட்டில் அறுபது ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம். பிரபலமான பெயர் பாதி விலையில் கிடைத்தால் அது தழுவல் அல்ல, போலி. தினமும் வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள நல்ல தழுவல் தாராளமாகப் போதும். வருஷத்தில் நாலு நாளைக்கு என்றால் பெரிய பாட்டில் எதற்கு? சில கம்பெனிகள் ஐந்து, பத்து மில்லி சிறு பாட்டிலிலும் கொடுக்கின்றன. அண்ணன் மகளும் கடைசியில் அப்படியொரு சின்னப் பாட்டிலைத்தான் வாங்கினாள். அறுநூறையும் சேர்த்து வாங்கினாள், அம்மாவுக்கு.

இன்னும் ஒன்று செய்யலாம். அத்தர் கடையிலோ, பன்னீர் விற்கும் பூஜை சாமான் கடையிலோ நின்று, "இதில் நிஜமாகவே சந்தனம் இருக்கிறதா? பூ இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க, எசென்ஸ்தான், இந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும்" என்று சொல்கிற கடைக்காரர் அபூர்வமாக இருப்பார். அப்படி ஒருவரைக் கண்டால் அவரிடமே வாங்குங்கள். மலிவாக வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும் மரியாதை, ஒன்பதாயிரம் கொடுப்பவருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு அறுநூறு கொடுப்பவருக்கும் உண்டு.